கைக்கேற்ற கருவி

ஒரு கட்டடத்தின் வாயிலில் ஐந்து படிகள் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் வரும் ஒருவரால் உள்ளே செல்ல இயலவில்லை. குறை எங்கே இருக்கிறது? அவருடைய கால்களில் என்பதே காலங்காலமாக நாம் சொல்லிவரும் விடை. படிகளை மட்டும் கட்டிவிட்டுச் சாய்தளம் அமைக்காமல் போனவரின் திட்டத்தில் என்பது, உலகம் மெல்லக் கற்றுக்கொண்டிருக்கும் விடை.

இந்த இரண்டாவது விடைக்கு ஒரு பெயர் உண்டு: அனைவருக்குமான வடிவமைப்பு. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ் 1980களில் இக்கருத்துக்கு உருவம் கொடுத்தார். ஒன்பது வயதில் போலியோவால் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர் அவர். பல்கலைக்கழகத்தில் படித்தபோது, வகுப்புக்குச் செல்வதற்காக அவரைப் பிறர் படிகளில் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. வீடு, வீதி, பள்ளி, கருவி என எதை உருவாக்கினாலும், இயன்றவரை எல்லோரும் பயன்படுத்தும்படி தொடக்கத்திலேயே உருவாக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை. 1997-இல் அவரும் அவருடைய குழுவினரும் இதற்கான ஏழு நெறிகளை வகுத்தனர்.

அந்தச் சொல் பிறப்பதற்கு முன்பே, அதன் பொருளை வாழ்ந்து காட்டிய ஒருவர் நம் மதுரையில் இருந்தார். அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. உலகம் அவரை டாக்டர் வி என்று அறியும். அவர் கதை பெரும்பாலும் தியாகத்தின் கதையாகவும், குறைந்த செலவில் நிறைந்த சேவை என்ற மேலாண்மைப் பாடமாகவும் சொல்லப்படுகிறது. பொருளியல் கற்பித்த ஆசிரியன் என்ற முறையில் நானும் பல ஆண்டுகள் அவ்வாறே வகுப்பில் சொல்லி வந்தேன். ஆனால், அவர் வாழ்க்கையை வடிவமைப்பு என்ற கோணத்தில் பார்த்தால் வேறொரு பாடமும் கிடைக்கிறது. நம் வீடுகளுக்கும் வீதிகளுக்கும் பள்ளிகளுக்கும் இன்று அதிகம் தேவைப்படுவது அந்தப் பாடம்தான்.

எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில், 1918 அக்டோபர் 1 அன்று ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். ஊர்ப் பள்ளியில் தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. ஆற்று மணலைக் கொண்டுவந்து பரப்பி, விரலால் எழுதித்தான் பிள்ளைகள் எழுத்துக் கற்றனர். வறுமையின் அடையாளம் அது என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், எழுதுவதற்குக் காசு தேவையில்லை, தவறினால் கையால் தடவி அழித்துவிடலாம், எந்தக் குழந்தையும் அஞ்சாமல் எழுதிப் பார்க்கலாம் என்ற வசதிகளும் அந்த மணலுக்கு இருந்தன. கையில் இருப்பதைக் கொண்டு எல்லோரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

சிறு வயதிலேயே உறவுக்காரப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் இறந்ததைக் கண்டவர், மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று உறுதிபூண்டார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று 1938-இல் பட்டம் பெற்றார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் மருத்துவப் படிப்பை முடித்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

முடக்குவாதம் அவரைத் தாக்கியது. 1948-இல் ராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஓராண்டுக்கும் மேலாகப் படுத்த படுக்கை. எழுந்து நிற்பதே பெரும்பாடு. பேனாவைக்கூடப் பிடிக்க இயலாதபடி விரல்கள் கோணி இறுகிப்போயின. மகப்பேறு மருத்துவக் கனவு முடிந்தது. மருத்துவத் தொழிலே முடிந்தது என்று சொல்லத்தக்க நிலை. அன்றைய பொது வழக்கப்படி, அவருக்குத் தகுதியில்லை என்று ஒரு சான்றிதழ் எழுதி அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் கண் மருத்துவம் படிக்கச் சென்றார். 1951-இல் பட்டயமும், தொடர்ந்து முதுநிலைப் பட்டமும் பெற்றார். கோணிய விரல்களைக் கொண்டு கத்தியைப் பிடிக்கப் பயிற்சி செய்தார். அவர் கைகளுக்கு ஏற்ற வகையில் அறுவைக் கருவிகள் வடிவமைக்கப்பட்டன. பிற்காலத்தில் ஒரே நாளில் நூறு கண்புரை அறுவைகள் வரை செய்யும் திறன் பெற்றார். வாழ்நாளில் அவர் செய்த கண் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல் எனக் கணக்கிடப்படுகிறது.

மன உறுதியின் வெற்றி என்று இதைப் புகழ்ந்து கடந்துவிடுகிறோம். மன உறுதி இருந்தது உண்மை. ஆனால், கருவியின் பிடி மாறாமல் மன உறுதி மட்டும் அந்த விரல்களுக்குள் கத்தியை நிறுத்தியிருக்க முடியாது. கருவி என்பது வழக்கமான விரல்களை மனத்தில் வைத்து யாரோ ஒருவர் செய்த பொருள். செய்த பொருளை மாற்றிச் செய்யலாம். கையைக் கருவிக்கு ஏற்பத் திருத்த முடியாதபோது, கருவியைக் கைக்கு ஏற்பத் திருத்துவதே அறிவுடைமை. அந்தச் சிறு மாற்றம் நடக்காமல் போயிருந்தால் எத்தனை ஆயிரம் பேருடைய பார்வை திரும்பாமல் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார். இன்று அரசு ராஜாஜி மருத்துவமனை என்று நாம் அழைக்கும் எர்ஸ்கின் மருத்துவமனையே அவர் பணியிடம். கண்புரையால் பார்வை இழந்த கிராமத்து மக்களில் மிகச் சிலரே அந்த வாயிலை எட்டினர். மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஒரு குடிசையில் பார்வையின்றி அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கு மதுரை தொலைதூர நகரம். ஆகவே, 1960களின் தொடக்கத்தில் மருத்துவக் குழுவே கிராமங்களுக்குப் புறப்பட்டது. பள்ளிக்கூடங்களும் சத்திரங்களும் கண் சிகிச்சை முகாம்களாயின. பார்வையை மீட்க இயலாதவர்களுக்காக 1966-இல் மறுவாழ்வுப் பயிற்சி மையம் ஒன்றையும், 1973-இல் கண் மருத்துவ உதவியாளர்களுக்கான பயிற்சித் திட்டத்தையும் அவர் தொடங்கினார். 1973-இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது.

1965-இல் அவர் சந்தித்த சர் ஜான் வில்சனை இங்கே குறிப்பிட வேண்டும். பன்னிரண்டு வயதில் பள்ளி ஆய்வகத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் பார்வை இழந்தவர். காமன்வெல்த் நாடுகளில் பார்வையிழப்பைத் தடுப்பதற்கான சங்கத்தை 1950-இல் நிறுவியவர். விரல்கள் முடங்கிய மருத்துவரும், பார்வையற்ற நிர்வாகியும் சேர்ந்து பார்வையிழப்பை எதிர்த்தனர். வாய்ப்பு மறுக்கப்பட்டிருக்கக்கூடிய இருவர், கோடிக்கணக்கானோருக்கு வாய்ப்பு உருவாக்கினர்.

1976-இல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. அதே ஆண்டில் மதுரை அண்ணா நகரில், ஒரு வீட்டில் பதினோரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கியது. திருமணம் செய்துகொள்ளாத அவருக்குத் தம்பி தங்கையரும் அவர்தம் துணைவர்களுமே துணை நின்றனர். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் தொடக்க கால மருத்துவர்கள். வங்கிக் கடன் கிடைக்கவில்லை. வீடும் நகைகளும் அடகு வைக்கப்பட்டன.

இங்கிருந்துதான் பொருளியல் மாணவனுக்கு உரிய பாடம் தொடங்குகிறது. இலவசம் என்று அறிவித்தால் ஏழை வந்துவிடுவான் என்று நாம் நினைக்கிறோம். ஆனால், இலவச சிகிச்சைக்கும் ஒரு விலை உண்டு. பேருந்துக் கட்டணம், வழியில் உணவு, நோயாளியின் கூலி இழப்பு, துணைக்கு வரும் மகனின் கூலி இழப்பு, வீட்டில் ஆடு மாடுகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத சிக்கல், எல்லாவற்றுக்கும் மேலாக அச்சம். பார்வையற்றவர் தனியே வர முடியாது என்பதால் இந்த விலை அவருக்கு இரட்டிப்பாகிறது. மருத்துவமனை ரசீதில் எழுதப்படாத இந்த விலையை நாங்கள் அணுகல் செலவு என்போம். அறுவை மட்டும் இலவசம் என்றபோது வந்தவர்களைவிட, பயணமும் உணவும் சேர்த்து இலவசம் என்றபோது அதிகம் பேர் வந்தனர் என்பதை மதுரை வட்டாரக் கிராமங்களில் நடந்த ஆய்வு பின்னர் உறுதிசெய்தது.

அரவிந்த் இந்தச் செலவைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டது. முகாமில் கண்புரை கண்டறியப்பட்டவர்களைப் பேருந்தில் அழைத்துவந்து, உணவும் தங்குமிடமும் தந்து, அறுவை முடிந்ததும் ஊரில் கொண்டுபோய் விடும் முறை வந்தது. ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து வருவதால் அச்சம் குறைந்தது. தன்னந்தனியாகத் துணை தேட வேண்டிய தேவையும் குறைந்தது.

மருத்துவமனையில் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. கட்டணப் பிரிவா, இலவசப் பிரிவா என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம். ஏழ்மையை மெய்ப்பிக்கும் அவமானம் இல்லை. இலவசப் பிரிவில் படுக்கை, தரையில் விரித்த பாய். கட்டணப் பிரிவில் அறை வசதிகள் கூடுதல். மருத்துவர்கள் இரு பிரிவுக்கும் பொது. கட்டணம் செலுத்துவோரிடமிருந்து கிடைக்கும் வருவாய் இலவசப் பிரிவையும் தாங்கியது. எல்லோருக்கும் ஒரே பாய் அல்லது ஒரே கட்டில் என்பதுதானே உண்மையான சமத்துவம் என்று கேட்கலாம். கேட்கத்தக்க கேள்விதான், முடங்கிய முழங்கால் உடைய முதியவருக்குத் தரைப் பாயிலிருந்து எழுவது எளிதன்று. ஆயினும், பார்வை என்ற அடிப்படைப் பொருளில் தரத்தைக் குறைக்காமல், வசதி என்ற மேல்பூச்சில் மட்டும் வேறுபாடு வைத்ததால்தான் அந்த வாயில் யாருக்கும் மூடாமல் இருந்தது.

அறுவை அரங்கிலும் அதே சிந்தனை. ஒரு மருத்துவர் ஒரு மேசையில் அறுவையை முடிக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். மருத்துவரின் கை செய்தே தீர வேண்டிய பணி தவிர, ஏனைய பணிகளைப் பயிற்சி பெற்ற பெண்கள் செய்தனர். பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டு பயிற்சி அளித்து இப்பணிக்கு அமர்த்தினர். பெரிய வேலையைச் சிறு சிறு படிநிலைகளாகப் பிரித்து, செய்முறையாகக் கற்பித்து, ஒவ்வொன்றிலும் தேர்ச்சி வரும்வரை பழக்கும் முறை அது. கல்லூரிக் கல்விக்கு வழியில்லாத பெண்ணுக்கு மருத்துவத் துறையின் கதவு திறந்தது. கற்பவரைச் சல்லடையில் சலிக்காமல், கற்பிக்கும் முறையை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு இது நம் ஊர்ச் சான்று.

கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் இன்னொரு சான்று. முன்பெல்லாம் புரையை அகற்றிய பின் தடித்த கண்ணாடி அணிவிப்பார்கள். வயலில் வேலை செய்பவருக்கு அக்கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ பார்வை மீண்டும் போய்விடும். கண்ணுக்குள்ளேயே லென்ஸைப் பொருத்திவிட்டால் அந்தக் கவலை இல்லை. பயன்படுத்துபவர் எதையும் நினைவில் வைத்துப் பேண வேண்டியதில்லை. ஆனால், இறக்குமதி லென்ஸின் விலை நூறு டாலருக்கும் மேல் இருந்தது. வசதி படைத்தவருக்கு லென்ஸ், ஏழைக்குத் தடித்த கண்ணாடி என்ற நிலையை ஏற்க மனமின்றி, 1992-இல் மதுரையில் ஆரோலேப் என்ற ஆலையை அரவிந்த் குழுவினர் நிறுவினர். லென்ஸின் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. பின்னர் மேலும் குறைந்தது. கடைசி மனிதருக்கும் எட்ட வேண்டும் என்று வடிவமைத்ததன் பயன் பல நாடுகளின் நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

தேனியில் 1985-இலும், திருநெல்வேலியில் 1988-இலும், கோவையில் 1997-இலும், புதுச்சேரியில் 2003-இலும் மருத்துவமனைகள் எழுந்தன. 2004-இல் கிராமங்களுக்கு அருகிலேயே சிறு பார்வை மையங்கள் தொடங்கப்பட்டன. பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிக்க, நகரில் இருக்கும் மருத்துவர் இணையவழியில் ஆலோசனை தரும் ஏற்பாடு அது. 2006 ஜூலை 7 அன்று, தம் 87-ஆம் வயதில் டாக்டர் வெங்கடசாமி மறைந்தார்.

அவர் மறைந்த இந்த நகரில் நாம் எப்படி வாழ்கிறோம்? தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2011 கணக்கெடுப்பிலேயே மக்கள்தொகையில் 10.4 விழுக்காடு. மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். எழுபதைக் கடந்த எவரும் ஏதேனும் ஒரு வகையில் மாற்றுத்திறனாளியே. கண் மங்கும், காது மந்தமாகும், முழங்கால் மடங்காது. அந்த நாள் வரப்போகிறது என்று தெரிந்திருந்தும், அது வராது என்று எண்ணியே வீடு கட்டுகிறோம்.

மதுரையின் எந்தத் தெருவிலும் ஒரு காட்சியைக் காணலாம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச்சாலை போடுவதால் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. மழைநீர் புகாதிருக்க வீட்டின் தளத்தை மேலும் உயர்த்துகிறோம், வாசற்படிகள் கூடுகின்றன. அந்தப் படிகளின் ஓரத்தில், இருசக்கர வாகனத்தை ஏற்றுவதற்கு மறக்காமல் ஒரு சாய்வும் கட்டுகிறோம். வாகனத்துக்குச் சாய்வு தேவை என்று தெரிந்த நமக்கு, அந்த வீட்டுப் பாட்டிக்கும் அது தேவை என்று தோன்றுவதில்லை. அச்சரிவு மனிதர் ஏற முடியாத செங்குத்தில் இருக்கும். பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்காது. பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓரடி உயரம் என்பதே சக்கர நாற்காலிக்கான சாய்தள அளவு. குளியலறைக் கதவை இரண்டரை அடியில் வைப்பதற்குப் பதில் மூன்றடியில் வைத்தாலே நாற்காலி உள்ளே செல்லும். வழுக்காத தரை, சுவரில் ஒரு கைப்பிடி, கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறை. கட்டும்போதே செய்தால் இவற்றுக்கு ஆகும் கூடுதல் செலவு சிறிது. கட்டிய பின் இடித்துச் செய்தால் பன்மடங்கு. இடுப்பெலும்பு முறிந்த பின் செய்யும் செலவுக்கோ கணக்கே இல்லை.

கல்வி நிலையங்களும் இதற்கு விலக்கல்ல. நான் பணியாற்றிய கல்லூரி ஒன்றில் பொருளியல் வகுப்பு இரண்டாம் மாடியில் நடந்தது. போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்ட மாணவர் ஒருவரை நண்பர்கள் மூன்றாண்டுகள் தூக்கிச் சென்றனர். தரைத்தளத்தில் ஓர் அறை தருமாறு துறை கேட்டது. அட்டவணையில் இடமில்லை என்ற பதில்தான் கிடைத்தது. நன்கு படித்த அவர் முதுகலையில் சேரவில்லை; இன்னும் இரண்டாண்டுகள் பிறர் தோளில் ஏற விருப்பமில்லை என்பதே காரணம். நண்பர்களின் அன்பைப் பாராட்டினோம். ஆனால், ஓர் அறையை மாற்றியிருந்தால் அந்த அன்புக்கே வேலையிருந்திருக்காது. அமெரிக்காவில் மேஸ் என்ற மாணவருக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. அவர் தொடர்ந்து படித்தார், இவர் நின்றுவிட்டார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அனைவருக்குமான வடிவமைப்பு என்ற சொல்லையே வரையறுத்திருக்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுக்கட்டடங்களை ஐந்தாண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்ற கெடுவும் கடந்துவிட்டது. அணுகல் விதிமுறைகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பதை ஏற்காத உச்சநீதிமன்றம், கட்டாய விதிகளை வகுக்குமாறு 2024 நவம்பரில் மத்திய அரசுக்கு ஆணையிட்டது. ஆனால், சட்டமும் ஆணையும் பொதுக்கட்டடத்தின் வாசல்வரைதான் வரும். நம் வீட்டு வரைபடத்துக்குள் வருவது நம் எண்ணம் மட்டுமே.

டாக்டர் வெங்கடசாமியைப் பாராட்டி விழா எடுக்கிறோம். அவர் பொறுமையையும் எளிமையையும் போற்றுகிறோம். அவருடைய உறுதி எல்லோருக்கும் வாய்க்காது. வாய்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமாகாது. படியேற முடியாத ஒவ்வொருவரும் மாமனிதராக இருந்தால்தான் படிக்கலாம், பணியாற்றலாம், தன் வீட்டுக் குளியலறைக்குத் தானே செல்லலாம் என்றால், அது சமுதாயத்தின் தோல்வி. சாதாரண மனிதர் சாதாரணமாக வாழ வழி செய்வதே வடிவமைப்பின் வேலை.

அவர் விட்டுச்சென்ற முறை எளியது. எதைச் செய்யும்போதும், இதை எட்ட முடியாதவர் யார், அவரைத் தடுப்பது எது என்று முதலில் கேட்பது. தடுப்பது கருவி என்றால் கருவியையும், தொலைவு என்றால் தொலைவையும், விலை என்றால் விலையையும் மாற்றுவது. அடுத்த முறை நம் மனையில் கொத்தனார் கயிறு பிடித்துக் குறி போடும்போது, இந்த வாசலில் எண்பது வயதில் நான் எப்படி ஏறுவேன் என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். அதற்கு அரசாணை தேவையில்லை.